வீட்டுக்கு ஒரு ஆள்

பெரிய திரையில் ஓடைமறிச்சான் என்ற பெயருக்குப் பக்கத்தில் பூஜ்யம் வந்து விழுந்ததும், கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

ஜெஸிந்தா மட்டும் தட்டவில்லை.

"என்னம்மா, ஒரு ஊரையே காயமில்லாம காலி பண்ணியாச்சு. கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன?" என்றார் இயக்குநர் சுந்தரவரதன். பதிலுக்குக் காத்திருக்காமல் தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் தலைமைச் செயலகம்.

"ஆமா சார், ரெண்டே வழிதான். சாயங்காலத்துக்குள்ள நெடுமலையாத்துல வெள்ளம் உச்சத்துக்கு வந்துடும். தடுப்பணையில இடது மதகைத் திறந்தா ஓடைமறிச்சான் மூழ்கும். வலது மதகைத் திறந்தா லோட்டஸ் லேக் அவென்யூ. ரெண்டையும் திறக்கலேன்னா டவுன், ஆஸ்பத்திரி எல்லாம் போச்சு... இல்ல சார், நாம முடிவு பண்றதில்ல. நீர்மதி பண்ணும். முதல்ல உயிர். ஆள் இருக்கிற பக்கம் தண்ணிய விடவே விடாது. ரெண்டு பக்கமும் ஆள் இல்லேன்னா அப்புறம் சொத்து மதிப்பு. எது கம்மியோ அந்தப் பக்கம்... அவென்யூல காலையிலேயே எல்லாரும் கார் எடுத்துட்டுப் போயிட்டாங்க. கிராமமும் இப்ப காலி. கம்மி எதுன்னு நான் சொல்லணுமா சார்?"

சொல்ல வேண்டியதில்லை. ஓடைமறிச்சானின் அத்தனை வீடுகளையும் சேர்த்தால் அவென்யூவின் ஒரு தெருவுக்குத் தேறாது.

நீர்மதி என்பது மென்பொருளின் பெயர். மலையில் விழும் மழை எந்தப் பாறையில் வழுக்கி, எந்தக் காட்டில் ஊறி, எத்தனை ஓடை வழியாக எப்போது ஆற்றுக்கு வரும் என்று கணக்குப் போட ஒரு கணித மாதிரி இருந்தது. வந்த தண்ணீர் ஆற்றுக்குள் எந்த வேகத்தில், எந்த உயரத்தில் ஓடும் என்று சொல்ல இன்னொரு மாதிரி இருந்தது. பல வருஷமாக இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போலத் தனித்தனியே கிடந்தன. அவற்றை ஒரே பந்தியில் உட்கார வைத்தவள் ஜெஸிந்தா. மலை சொல்வதை ஆறு கேட்டது. ஆறு சொல்வதை மலை கேட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாவதாக இன்னொன்றையும் கோத்துவிடச் சொன்னது அரசாங்கம். மனிதர்கள். எந்தக் கைப்பேசி எந்த இடத்தில் இருக்கிறதோ, அங்கே ஓர் உயிர்.

கோத்துவிட்டாள். எந்த அதிகாரியும் எண்ணை மாற்றி எழுதிவிடக் கூடாது என்று, கையால் திருத்தும் வசதியை வேண்டுமென்றே சேர்க்காமல் விட்டாள். அன்று அதற்காக விருதெல்லாம் கொடுத்தார்கள்.

அவள் மேஜைத் தொலைபேசி அடித்தது. முகாம் நடக்கும் கல்யாண மண்டபத்திலிருந்து வருவாய் ஆய்வாளர்.

"மேடம், உங்க சிஸ்டம் சொன்ன ஆள் கணக்குக்குத்தான் சமைச்சோம். பாதிப் பொட்டலம் அப்படியே கிடக்கு. யார் கேட்டா என்ன சொல்ல?"

"பாதியா? சாப்பிட மாட்டேங்கறாங்களா?"

"சாப்பிட ஆள் இல்ல மேடம். எல்லாம் பொம்பளையும் பிள்ளைகளும்தான்."

ஜெஸிந்தா மண்டபத்தின் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். புள்ளிகள் நிறைய இருந்தன. ஆனால் தனித்தனியாக இல்லை. இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு ஒன்றாக நகர்ந்தன, ஒன்றாக நின்றன. மூன்று பேர் சேர்ந்து குளியலறைக்குப் போவார்களா?

அவள் எழுந்து இயக்குநரிடம் போனாள்.

"சார், அது பூஜ்யம் இல்ல. ஃபோன்தான் மண்டபத்துக்கு வந்திருக்கு. ஆம்பளைங்க ஊர்லயே இருக்காங்க."

சுந்தரவரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிஸ்டம் என்ன சொல்லுது?"

"பூஜ்யம்னு சொல்லுது. அதைத்தான்..."

"அப்ப பூஜ்யம்தான். நீதானே எழுதின? கையால யாரும் மாத்தக் கூடாதுன்னு என்கிட்ட சண்டை போட்டவ நீ."

"சார், ஆள் இருக்காங்க சார்!"

"போலீஸை அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்றேன். அப்புறம் நிஜமாவே பூஜ்யம். உனக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி." திரையில் மதகு திறக்க மிச்சமிருந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது. "வீடு போனா கட்டிக் குடுத்துடலாம் ஜெஸிந்தா. அரசாங்கம் நல்லாவே கட்டிக் குடுக்கும்."

அவள் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கல்யாண மண்டபத்தில் மணமேடையிலேயே பாய் விரித்திருந்தார்கள். நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் உலகம்மை. நாற்பது வயதிருக்கும், மண்டபத்தில் அவள் குரல்தான் உரத்துக் கேட்டது. மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் மூன்று கைப்பேசிகள் மாறி மாறி முனகின.

"இது யாரோடதுங்க?"

"ஒண்ணு எங்க வீட்டுக்காரரது, ஒண்ணு கொழுந்தனுக்குள்ளது, ஒண்ணு எனக்குள்ளது. ஏன், ஃபோன் வச்சிருந்தா சோறு கிடையாதா?"

"அவங்க எங்க?"

உலகம்மை மஞ்சள் பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த பெண்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"போலீஸ்ல சொல்ல மாட்டேன். ஊர்க் குளத்துக்கரையிலதானே?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்கிய." உலகம்மை பெருமூச்சு விட்டாள். "குளம் பெருகிட்டுன்னா வீட்டுக்கு ஒரு ஆளு மம்பட்டியோட கரைக்குப் போவணும். எங்க ஊரு வழக்கம் அது. கரை எங்கன கசியுதோ அங்கன மண்ணை அள்ளிப் போடணும். போவாத வீட்டுக்கு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வர மாட்டாவ. சர்க்கார் பஸ்ஸ விட்டு ஏறுங்கன்னா, நாங்க ஏறிட்டோம். அவிய ஏறுவாவளா?"

"ஃபோனை ஏன் உங்ககிட்ட குடுத்தாங்க?"

"நல்லா கேட்டிய! இடுப்பளவு தண்ணியில நிக்கவனுக்கு ஃபோன் எதுக்கு? நனைஞ்சா நீங்களா வாங்கித் தருவிய?"

யாரோ சிரித்தார்கள். ஜெஸிந்தாவால் சிரிக்க முடியவில்லை. மணமேடையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஃபோன் இருக்கும் இடத்தில்தான் ஆள் இருப்பதாக ஒரு கணினி நினைக்கிறது. ஆள் இல்லாத ஊருக்குள் அது தண்ணீரைத் திறந்துவிடப் போகிறது. அந்தக் கணினிக்கு அப்படி நினைக்கக் கற்றுக்கொடுத்தது தான்தான்.

கூரைத் தகரத்தில் மழை இரைந்தது.

உலகம்மை மெதுவாகக் கேட்டாள். "அப்பம், நாங்க பஸ் ஏறி வந்ததாலதான் எங்க ஊரு சாவப் போவுதா?"

"ஆமா."

"எங்களைக் காப்பாத்தக் கூட்டிட்டு வரல. கணக்கைக் காலி பண்ணக் கூட்டிட்டு வந்திருக்காவ."

அலுவலகத்தில் யாரும் இவ்வளவு சுருக்கமாக அதைச் சொன்னதில்லை.

"இந்தப் பையை என்கிட்ட குடுங்க. எல்லாருடைய ஃபோனும் வேணும். நான் கரைக்குக் கொண்டுபோறேன். ஊர் டவர் இன்னும் வேலை செய்யுது. எண்ணிக்கை ஏறிச்சுன்னா இடது மதகு திறக்காது."

"தர முடியாது."

"அக்கா, நேரம் இல்ல..."

"ஃபோனைத் தர மாட்டேன்னேன். வர மாட்டேன்னா சொன்னேன்?" உலகம்மை எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். "எங்க எண்ணிக்கையை நாங்களே கொண்டு போறோம். ஏளா, பிள்ளைகளையும் மாசமா இருக்கிறவளுகளையும் இங்கனயே விட்டுட்டு மத்தவ எந்திரிங்க! நம்ம வீட்டு ஆளு அங்கன நிக்கது சர்க்காருக்குக் கண்ணு தெரியலையாம். போயிக் காட்டிட்டு வருவோம்."

வருவாய் ஆய்வாளர் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார். "மேலிடத்து உத்தரவு இல்லாம யாரும்..."

"பொட்டலம் மிச்சமாயிட்டுன்னியளே சார்," என்றாள் உலகம்மை. "அதையும் பஸ்ஸுல ஏத்துங்க. ஆம்பளைக பசியோட நிக்காவ."

அவர் கைகளைக் கீழே இறக்கினார். பிறகு பொட்டலக் கூடையைத் தூக்க அவரே ஒரு பக்கம் பிடித்தார்.

குளம் கடலைப் போலப் பரந்து கிடந்தது. கரைமேல் வரிசையாக ஆட்கள், தலையில் மழைக்குக் கவிழ்த்த சாக்குக் கொங்காணி, கையில் மம்பட்டி. பேருந்திலிருந்து பெண்கள் இறங்குவதைப் பார்த்ததும் ஒரே கூச்சல்.

"எவன்டா இவளுகளை இங்கன கொண்டாந்தது?"

"சத்தம் போடாம ஃபோனைப் பிடியும்," என்றாள் உலகம்மை, புருஷனிடம். "நனைஞ்சா நனையட்டும். பிளாஸ்டிக் பையில சுத்தி இடுப்புல கட்டும். நீரு உசிரோட இருக்கீருன்னு அதுதான் சாட்சி சொல்லுமாம்."

ஜெஸிந்தா விளக்கியபோது கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒருவன் காறித் துப்பினான். "பேசுதது நல்லாத்தான் பேசுதிய. உங்களுக்கென்ன? வெள்ளம் வந்தா உங்க வீடா நனையப் போவுது?"

அவனுக்குப் பின்னால் நின்ற ஒருவன் சட்டென்று தலையில் கிடந்த சாக்கை விலக்கினான். "மேடம்!" என்றான்.

மாடக்கண்ணு. லோட்டஸ் லேக் அவென்யூவின் காவலாளி. தினமும் காலையில் அவள் ஜீப்புக்குச் சல்யூட் அடித்து வாசல் திறந்துவிடுகிறவன்.

"நீ எங்க இங்க?"

"என் ஊரு இதான் மேடம். வீட்டுக்கு ஒரு ஆளு வரணும்லா. எல்லாரும் போன பொறவு கேட்டைப் பூட்டிட்டு வந்துட்டேன்." அவன் அவள் முகத்தையே பார்த்தான். ஏதோ புரியத் தொடங்கியது போலிருந்தது. அவள் லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம், சொல்லாதே.

"மாடக்கண்ணு, ஒண்ணு நல்லா யோசிச்சுச் சொல்லு. காலனிக்குள்ள யாராவது இருக்காங்களா? ஃபோன் இல்லாத ஆளு? வேலைக்காரங்க, படுத்த படுக்கையா கிடக்கிறவங்க?"

"ஒருத்தர் இல்ல. வீடு வீடா மணி அடிச்சுப் பார்த்துட்டுத்தான் வந்தேன். கட்டிப் போட்டிருந்த நாயைக்கூட அவுத்து விட்டுட்டேன்."

இந்த ஒரு கேள்வியைக் கேட்க நீர்மதிக்குத் தெரியாது. இன்று முதல் தெரிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கையிலிருந்த பலகைக் கணினியில் பூஜ்யம் அசைந்தது. இரண்டு. ஒன்பது. பிறகு எண்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஏறின. மலைக்கான மாதிரியும் ஆற்றுக்கான மாதிரியும் மறுபடி ஒருமுறை பேசிக்கொண்டன. சிவப்பாயிருந்த இடது மதகு சாம்பல் நிறமானது. வலது மதகு சிவந்தது.

அவள் தன் கைப்பேசியையும் எடுத்துப் பார்த்துக்கொண்டாள். அந்த எண்ணிக்கையில் அவளும் ஒன்று.

அதே கைப்பேசி அலறியது. சுந்தரவரதன்.

"என்ன பண்ணிட்டிருக்கே நீ? போலீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள காலியான ஊருக்குள்ள ஆளைக் கொண்டு போய் நிறுத்தியிருக்கே! இது குற்றம் தெரியுமா?"

"காலியான ஊர் இல்ல சார். உங்களுக்குத் தெரியாத ஊர்."

"கேளு. எண்ணைத்தான் மாத்த முடியாது, மதகுக்கு ஓவர்ரைடு போடலாம். அதுக்கு ரெண்டு கைரேகை வேணும். இயக்குநர் ஒண்ணு, மாதிரியை எழுதினவர் ஒண்ணு. நான் வெச்சுட்டேன். உன் ஃபோன்ல வந்திருக்கும் பாரு. விரலை வை. அவங்களை ஒரு பத்து நிமிஷத்துல மேட்டுக்கு ஏத்திடு, பிறகு இடது மதகைத் திறக்கலாம்."

திரையில் ஒரு பச்சை வட்டம் துடித்தது. கட்டைவிரல் அகலம்தான்.

கரையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டாள், கேட்கட்டும்.

"வைக்க மாட்டேன் சார்."

"கோடிக்கணக்கான சொத்து ஜெஸிந்தா! படிச்ச ஜனங்க, வாழ்நாள் உழைப்பு. என் வீடு அங்க இருக்கு, உனக்குத் தெரியும்!"

"தெரியும் சார். இரண்டாவது தெரு, மூலை வீடு. அதைக் காப்பாத்த ஒரு வழி இருக்கு. ரொம்ப சுலபம்."

"என்ன வழி?"

"இப்பவே கிளம்பிப் போய் உங்க வீட்டு மொட்டை மாடியில நில்லுங்க. ஃபோனை மறக்காம எடுத்துட்டுப் போங்க. நீர்மதி உங்களை எண்ணும். ஆள் இருக்கிற பக்கம் தண்ணிய விடாது. நீங்கதானே சொன்னீங்க? முதல்ல உயிர். வீட்டுக்கு ஒரு ஆள் போதும் சார். இங்க நிக்கறாங்க பாருங்க, அந்த மாதிரி."

அவள் பலகைக் கணினியில் நேரத்தைப் பார்த்தாள்.

"நேரம் இருக்கு சார். ஜீப்புல கால் மணி. வாசல் சாவி மாடக்கண்ணுகிட்ட இருக்கு, வேணும்னா குடுத்து விடறேன்."

இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

உலகம்மை புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "வர மாட்டான்."

உடனே இன்னோர் அழைப்பு. கிங்ஸ்லி, அவள் கணவன். உறவினர் வீட்டில் இருந்தான். பின்னணியில் தொலைக்காட்சி கத்தியது.

"ஜெஸி, நியூஸ்ல வலது மதகுன்னு சொல்றான். நம்ம பக்கம்ல அது? நம்ம பக்கமா?"

ஒலிபெருக்கியை அணைக்க அவள் மறந்திருந்தாள். துப்பியவன் தலையை உயர்த்தினான்.

"ஆமாங்க. நம்ம பக்கம்தான்."

"பியானோ கீழ இருக்கு. உங்க அம்மா ஃபோட்டோ கீழ இருக்கு. நீ... நீ ஒரு வார்த்தை சொன்னா நிறுத்தலாம்னு சொல்றாங்களே!"

"சொல்ல மாட்டேங்க."

"அப்ப நான் போய் வீட்ல உக்காந்துக்கவா? உன் சிஸ்டம் என்ன பண்ணும்னு பாக்கறேன்!"

"போங்க. நிஜமாத்தான் சொல்றேன். அது உங்க உரிமை. நீங்க போய் நின்னா அதுவும் ஒரு உயிர்தான், அதையும் நான் எண்ணித்தான் ஆகணும். போறீங்களா?"

தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. கிங்ஸ்லி மூச்சு விட்டான்.

"பயமா இருக்கு ஜெஸி."

"இங்கயும் எல்லாருக்கும் பயமாத்தான் இருக்கு."

அவள் கைப்பேசியைத் தாழ்த்தினாள். பச்சை வட்டம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குழந்தைகள் எதையாவது தர மறுக்கும்போது பிடிப்பார்களே, அப்படி.

வட்டம் அணைந்தது.

தொலைவில், தடுப்பணைப் பக்கமிருந்து ஒரு நீண்ட முழக்கம் எழுந்தது. பெரிய மிருகம் ஒன்று புரண்டு படுப்பது போல. குளத்தில் ஏறிக்கொண்டே வந்த தண்ணீர் சற்று நின்றது. பிறகு, கரையில் நட்டிருந்த குச்சியில் ஒரு விரல் அளவு ஈரம் வெளியே தெரிந்தது. யாரும் ஆரவாரம் செய்யவில்லை. வலது பக்கத் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகிறது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

துப்பியவன் அவள் எதிரே வந்து நின்றான். தலையிலிருந்த சாக்குக் கொங்காணியை எடுத்து அவள் தலையில் மாட்டிவிட்டுப் போய் மண்ணை வெட்டத் தொடங்கினான்.

மாடக்கண்ணு இடுப்பிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து, அதிலிருந்து ஒரு சாவியைக் கழற்றி நீட்டினான். காலையில் அவள் அவனிடம் ஒப்படைத்தது. "உங்க வீட்டுச் சாவி மேடம். இனி நீங்களே வச்சுக்கிடுங்க."

"இருக்கட்டும் மாடக்கண்ணு. திறக்கிற வேலையைத் தண்ணியே பார்த்துக்கும்."

"அப்பம் உங்க வீட்டுக்கு ஆளு?" என்று கேட்டாள் உலகம்மை.

"நான்தான்," என்றாள் ஜெஸிந்தா. "ஒரு மம்பட்டி குடுங்க."

அவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து மாதக்கணக்கில் விசாரணை நடத்தினார்கள். ஊர்க்காரர்களோடு கரைக்குப் போனதும் கைரேகை வைக்காததும் குற்றம் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். பியானோ போனது போனதுதான். அம்மாவின் புகைப்படத்தில் முகம் கரைந்துவிட்டது. கிங்ஸ்லி பல வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் சேறு படிந்த சுவரைத் தேய்த்துக்கொண்டே, "அன்னிக்கு நான் போயிருக்கணும், இல்ல?" என்றான். அவள் இன்னொரு தேய்ப்பானை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் அவென்யூவின் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. வெள்ள எச்சரிக்கை வந்தால் வீட்டுக்கு ஒருவர் கைப்பேசியுடன் மொட்டை மாடியில் இருப்பது கட்டாயம். சம்மதித்தவர்கள் கீழே கையெழுத்திட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து சுந்தரவரதனுடையது.

ஒத்திகை நாளன்று நீர்மதியைப் பெரிய திரையில் ஓட விட்டார்கள். இடது பக்கம் எண்கள் மினுங்கின. வலது பக்கமும் மினுங்கின. மதகுகள் இரண்டும் சாம்பல் நிறமாகவே நின்றன. மென்பொருள் வெகுநேரம் தேடியது. கடைசியில், பழைய வரைபடங்களிலிருந்து ஒரே ஒரு கோட்டைச் சிவப்பாக இழுத்துக் காட்டியது. அவென்யூ எழுவதற்கு முன், அங்கே இருந்த குளத்தின் உபரித் தண்ணீர் டவுனைத் தாண்டி ஆற்றுக்குத் திரும்பிப் போன ஓடை. இப்போது அதன்மேல் காலனியின் கிளப் ஹவுஸும் நீச்சல் குளமும் இருந்தன.

"அதை இடிக்கணும்னா சொல்லுது?" சுந்தரவரதன் எழுந்து நின்றுவிட்டார். "இல்லேன்னா இந்தத் தண்ணிய எங்கதான் விடறது?"

"அதைத்தான் சார் முதல் நாளே கேட்டிருக்கணும்," என்றாள் ஜெஸிந்தா.

அறையில் எல்லோரும் திரையை வெறித்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஊரின் பெயருக்குப் பக்கத்திலும் பூஜ்யம் இல்லை.

அவள் மட்டும் கைதட்டினாள்.